வில்லியம் லாம்டன்

வில்லியம் லாம்டன் (இறப்பு: ஜனவரி 20, 1823) பிரித்தானியப் படை அதிகாரியும் நில அளவையாளரும் ஆவார். இந்தியாவின் மாபெரும் முக்கோணவியல் அளவையைத் தொடங்கி, முதல் இருபது ஆண்டுகள் அதனை வழிநடத்தியவர் இவரே. 1802 ஆம் ஆண்டு சென்னையில் பரங்கிமலை அருகே அளக்கப்பட்ட ஒரு நேர்கோட்டை அடிப்படையாகக் கொண்டு, தென்னிந்தியாவின் மலைகள், கோயில்கள், ஊர்கள் ஆகியவற்றின் அமைவிடங்களைக் கணக்கிட்டார். ஒரு தொலைவைத் துல்லியமாக அளந்துவிட்டால், பிற தொலைவுகளைக் கோணங்களைக் கொண்டே அறியலாம் என்பது இவரது முறையின் அடிப்படை. செயற்கைக்கோள் குறிப்பலைகள் சரிவர எட்டாத கட்டடங்களுக்குள் இயங்கும் தானியங்கிகள் (ரோபோக்கள்) குறைந்த செலவில் தம் இடத்தை அறியும் வழிகளிலும் இதே அடிப்படை பயன்படுகின்றது.

இளமை

லாம்டன் 1750களில் இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில், நார்த்தலர்ட்டன் நகருக்கு அருகிலுள்ள கிராசுபி கிரேஞ்சு என்ற இடத்தில் எளிய வேளாண் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் பருவத்திலேயே கணிதத்தில் சிறந்து விளங்கினார். பின்னர் படையில் சேர்ந்து 33 ஆவது படைப்பிரிவில் பணியாற்றினார். வட அமெரிக்காவில் பல ஆண்டுகள் தங்கியிருந்தபோது, நியூ பிரன்சுவிக் பகுதியில் குடியேறியவர்களுக்கான நிலங்களை அளக்கும் பணியிலும் ஈடுபட்டார். அங்கு சூரிய கிரகணம் ஒன்றைத் தகுந்த பாதுகாப்பின்றி நோக்கியதால் இவரது ஒரு கண்ணின் பார்வை பாதிக்கப்பட்டது. வாழ்நாளின் பிற்பகுதி முழுவதும் தொலைநோக்கி வழியே கோணங்களை அளந்தவர் இக்குறையுடனேயே அப்பணியைச் செய்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்திய வருகையும் மைசூர்ப் போரும்

1790களின் பிற்பகுதியில் லாம்டன் தம் படைப்பிரிவுடன் இந்தியா வந்தார். அப்பிரிவின் தளபதி, பிற்காலத்தில் வெல்லிங்டன் கோமகன் என அறியப்பட்ட ஆர்தர் வெல்லசுலி ஆவார். 1799 ஆம் ஆண்டு திப்பு சுல்தானுக்கு எதிராக நடைபெற்ற நான்காம் மைசூர்ப் போரில், லாம்டன் தளபதி பெயர்டின் கீழ்ப் பணியாற்றினார்.

அப்போரின்போது ஓர் இரவு பெயர்டின் படை தன் முகாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. விண்மீன்களைக் கவனித்த லாம்டன், படை தெற்கே செல்வதற்கு மாறாக வடக்கே, அதாவது எதிரியின் முகாமை நோக்கிச் செல்வதாகத் தளபதியிடம் தெரிவித்தார். தளபதி முதலில் நம்பவில்லை. பின்னர் திசைகாட்டியைக் கொண்டு பார்த்தபோது லாம்டன் கூறியதே சரி எனத் தெரிந்தது. நடந்து வந்த வழியை நினைவில் கொண்டு மட்டும் திசையை முடிவு செய்தால் சிறு பிழைகள் சேர்ந்து பெரும் பிழையாகும். வெளியிலுள்ள நிலையான ஓர் அடையாளத்தைப் பார்த்தால் அப்பிழை வெளிப்படும். இந்நிகழ்வில் விண்மீன்கள் அத்தகைய அடையாளமாக அமைந்தன.

நில அளவைத் திட்டம்

மைசூர்ப் போருக்குப் பின் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பரப்பு பெருமளவு விரிந்தது. புதிய பகுதிகளை அளவிடும் பணி காலின் மெக்கன்சி போன்றவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. லாம்டனின் நோக்கம் இதனினும் வேறுபட்டது. தீபகற்பத்தின் இரு கரைகளையும் முக்கோணங்களின் சங்கிலியால் இணைக்க வேண்டும் என்றும், அவ்வாறு பெறப்படும் இடங்களைப் பிற வரைபடங்கள் அனைத்துக்கும் சட்டகமாகக் கொள்ள வேண்டும் என்றும் அவர் முன்மொழிந்தார். புவியின் வடிவத்தைத் துல்லியமாக அறிவதும் அவரது குறிக்கோளாக இருந்தது. புவி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதால், ஒரு பாகை அட்சத்தின் நீளம் இடத்துக்கு இடம் வேறுபடும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் எடுக்கப்படும் அளவீடுகள் இதனைக் கணிக்க உதவும்.

வெல்லசுலியின் பரிந்துரையுடன் இத்திட்டம் சென்னை அரசுக்கு அனுப்பப்பட்டது. 1800 ஆம் ஆண்டு ஆளுநர் எட்வர்ட் கிளைவ் இதற்கு ஒப்புதல் அளித்தார். செலவைக் காரணம் காட்டி எதிர்த்தவர்களும் இருந்தனர். சீரங்கப்பட்டணத்துக்குச் செல்ல விரும்புபவர் பல்லக்குத் தூக்குவோரிடம் சொன்னாலே போதும், அவ்வூர் எங்கிருக்கிறது என்பதை இவ்வளவு துல்லியமாக அறியத் தேவையில்லை என்று அரசின் நிதிப் பொறுப்பில் இருந்த ஒருவர் வாதிட்டதாகக் கூறப்படுகின்றது.

முக்கோண அளவை முறை

ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு முனைகளிலுள்ள கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் கணக்கிடலாம். விருதுநகர் மாவட்டத்தின் ஸ்ரீவில்லிபுத்தூரையும் இராஜபாளையத்தையும் கொண்டு இதனை விளக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் ஒரு முனை எனவும், இராஜபாளையத்தின் சஞ்சீவி மலை மறு முனை எனவும் கொள்வோம். இவற்றுக்கு இடைப்பட்ட தொலைவை 11 கிலோமீட்டர் என வைத்துக்கொண்டு, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு முகட்டை இரு முனைகளிலிருந்தும் நோக்குவோம். கோபுரத்தில் கோணம் 60 பாகையாகவும் சஞ்சீவி மலையில் 70 பாகையாகவும் இருந்தால், முகட்டிலுள்ள கோணம் 50 பாகையாகும். சைன் விதிப்படி முகடு கோபுரத்திலிருந்து ஏறத்தாழ 13.5 கிலோமீட்டர், சஞ்சீவி மலையிலிருந்து ஏறத்தாழ 12.4 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். யாரும் காட்டுக்குள் சென்று சங்கிலி பிடிக்கத் தேவையில்லை. இவ்வாறு பெறப்பட்ட பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகும். (இவ்வெடுத்துக்காட்டில் உள்ள கோணங்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை.)

காடு, ஆறு, மலை ஆகியவற்றின் ஊடே நேரடியாகத் தொலைவை அளப்பது மெதுவானது, செலவு மிக்கது, பிழை மிக்கது. கோணங்களை அளப்பது ஒப்பீட்டளவில் எளிது. எனவே கடினமான நேரடி அளவீட்டைச் சில இடங்களுக்கு மட்டும் ஒதுக்கி, மற்றவற்றைக் கோணங்களிடம் விட்டுவிடுவதே இம்முறையின் சிக்கனமாகும். எனினும் கோணப் பிழை தொலைவுடன் வளரும். 50 கிலோமீட்டர் தொலைவில் ஒரு விநாடிக் கோணப் பிழை ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் விலகலைத் தரும். ஆகவேதான் மிகத் துல்லியமான கருவிகள் தேவைப்பட்டன.

பரங்கிமலை அடிக்கோடு

1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே அடிக்கோட்டை அளக்கும் பணி தொடங்கியது. அதன் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல் (12 கிலோமீட்டர்) ஆகும். இதற்குப் பயன்பட்ட 100 அடி எஃகுச் சங்கிலி, சீனப் பேரரசருக்குப் பரிசாக மெக்கார்ட்னி தூதுக்குழுவினர் கொண்டு சென்ற பொருள்களுள் ஒன்றாகும். சீன அரசவையில் ஏற்கப்படாத அச்சங்கிலி, தூதுக்குழுவின் அறிவியலாளரான டின்விடி வழியாகக் கல்கத்தாவை அடைந்து லாம்டனின் கைக்கு வந்தது.

சங்கிலி தரையில் தொய்ந்துவிடாமல் இருக்க மரப்பெட்டிகளில் தாங்கப்பட்டது. முக்காலிகளின் திருகுகளால் மட்டம் சரிசெய்யப்பட்டது. வெயில் படாமல் நிழல் அமைக்கப்பட்டு, வெப்பமானிகளால் வெப்பநிலை தொடர்ந்து குறிக்கப்பட்டது. எஃகு வெப்பத்தில் விரிவடைவதே இதற்குக் காரணமாகும். வெப்பநிலை 10 செல்சியசு பாகை மாறினால் 100 அடிச் சங்கிலியின் நீளம் ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் மாறும். 12 கிலோமீட்டர் கோட்டில் இது ஏறத்தாழ 1.4 மீட்டர் பிழையாகிவிடும். சென்னையின் கோடை வெயிலில் நானூறு முறை சங்கிலியை எடுத்து வைத்து, ஒவ்வொரு முறையும் இத்திருத்தத்தைக் கணக்கில் கொண்டனர். அடிக்கோட்டில் நேரும் பிழை அதன்மேல் கட்டப்படும் எல்லா முக்கோணங்களுக்கும் பரவும் என்பதால், இங்கு மட்டும் காலத்தையும் உழைப்பையும் லாம்டன் குறைத்துக்கொள்ளவில்லை.

தியோடலைட்

கோணங்களை அளக்க லாம்டன் பயன்படுத்திய தியோடலைட், இலண்டனைச் சேர்ந்த வில்லியம் கேரி என்பவரால் செய்யப்பட்டது. தொலைநோக்கியும் 36 அங்குல விட்டமுள்ள கிடைவட்டமும் கொண்ட இக்கருவி ஏறத்தாழ அரை டன் எடையுடையது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்களால் கைப்பற்றப்பட்டு மொரிசியசுத் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அறிவியல் கருவி என்பதை அறிந்த அங்கிருந்த பிரெஞ்சு அதிகாரிகள் அதனைச் சென்னைக்கு அனுப்பிவைத்தனர்.

தீபகற்பத்தின் அகலம்

சென்னையிலிருந்து தொடங்கிய முக்கோணச் சங்கிலி மேற்கே பெங்களூர் வழியாக மங்களூர்க் கரை வரை நீண்டது. இதன் முடிவில் தீபகற்பத்தின் அகலம் அக்கால வரைபடங்களில் காட்டப்பட்டிருந்த 400 மைல் அன்று, ஏறத்தாழ 360 மைல் மட்டுமே என்பது தெரியவந்தது. தாம் ஆள்வதாகக் கருதிய நிலத்தில் 40 மைல் அகலம் வரைபடத்தில் மட்டுமே இருந்ததைக் கம்பெனி இதனால் அறிந்தது.

1804 ஆம் ஆண்டு பெங்களூர் அருகே மற்றொரு அடிக்கோடு நேரடியாக அளக்கப்பட்டது. பரங்கிமலையிலிருந்து முக்கோணங்களின் வழியே கணக்கிடப்பட்ட நீளத்துக்கும் சங்கிலியால் அளக்கப்பட்ட நீளத்துக்கும் இடையே சில அங்குலங்களே வேறுபாடு இருந்தது. இவ்வாறு ஆங்காங்கே சரிபார்ப்பு அடிக்கோடுகளை அளப்பது லாம்டனின் நிலையான வழக்கமாயிற்று. கோயம்புத்தூர் (1806), தஞ்சாவூர் (1808), பாளையங்கோட்டை (1809) ஆகிய இடங்களில் அளக்கப்பட்டவை இத்தகையன.

தஞ்சாவூர் விபத்து

காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லாமையால் லாம்டன் கோயில் கோபுரங்களை நோக்கு நிலையங்களாகப் பயன்படுத்தினார். 1808 ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மேல் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றியபோது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதியது. கோணங்களைக் குறிக்கும் வட்டம் வளைந்து உருக்குலைந்தது. வேறு ஒருவராயின் இங்கிலாந்திலிருந்து புதிய கருவி வரும்வரை பணியை நிறுத்தியிருப்பர். லாம்டன் கருவியைத் தம் கூடாரத்துக்குள் கொண்டுசென்று முற்றிலும் பிரித்தார். படைத்துறைக் கைவினைஞர்களின் உதவியுடன் வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்து, தட்டி, ஏறத்தாழ ஆறு வாரங்களில் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அதன் பின்னும் அக்கருவி பல ஆண்டுகள் பயன்பட்டது.

தெற்கு நோக்கிய பெருவில்

லாம்டனின் அளவையில் முதன்மையானது, குமரி முனைக்கு அருகிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் முக்கோணச் சங்கிலியாகும். இது பெருவில் எனப்படுகின்றது. பெங்களூர், கோயம்புத்தூர் பகுதிகளிலிருந்து தெற்கே நீண்ட இச்சங்கிலி 77, 78 பாகைகளுக்கு இடைப்பட்ட தீர்க்கக்கோட்டை ஒட்டிச் சென்று, 1809 ஆம் ஆண்டு குமரியை எட்டியது. ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் ஏறத்தாழ 77½ பாகைத் தீர்க்கத்தில் அமைந்தவை. கிழக்கே கரிசல் சமவெளியும் மேற்கே மலைத்தொடரும் கொண்ட இந்நிலப்பகுதி, அக்காலத்தில் திருநெல்வேலிச் சீமையின் வடபகுதியாக இருந்தது.

இப்பகுதி அப்போதுதான் பெரும் போரொன்றைக் கண்டிருந்தது. வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 ஆம் ஆண்டு தூக்கிலிடப்பட்டார். 1801 ஆம் ஆண்டுடன் பாளையக்காரர் எதிர்ப்பு ஒடுக்கப்பட்டது; கோட்டைகள் இடிக்கப்பட்டன. அதே ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சியுரிமை கம்பெனிக்கு மாற்றப்பட்டது. அதன் பின் சில ஆண்டுகளில் கொடிகளுடனும் தொலைநோக்கியுடனும் மலைமீது ஏறியவர்களை மக்கள் ஐயத்துடன் பார்த்ததில் வியப்பில்லை. மலைக்கோட்டைகளிலும் கோயில்களிலும் ஏறுவதற்கு எதிர்ப்பு இருந்த இடங்களும் உண்டு. வரைபடம் ஆள்பவருக்கு ஆற்றல் தரும் கருவி என்பதை வரையப்படும் நிலத்தின் மக்கள் உணர்ந்திருந்தனர்.

பணியாளர்கள்

லாம்டனுடன் ஜான் வாரன், என்றி கேட்டர் ஆகிய அதிகாரிகள் பணியாற்றினர். கேட்டர் பிற்காலத்தில் ஊசல் ஆய்வுகளுக்காகப் புகழ்பெற்றார். சென்னை வானாய்வகத்தைச் சார்ந்து இயங்கிய நில அளவைப் பள்ளியில் பயின்ற இளைஞர்களே நாள்தோறும் நடந்த அளவைப் பணியில் பெரும்பங்கு வகித்தனர். இவர்களுள் யோசுவா டி பென்னிங் குறிப்பிடத்தக்கவர். ஐரோப்பிய அதிகாரிகளை விடக் குறைந்த ஊதியத்தில் இவர்கள் கணக்கீடுகளையும் நோக்கல்களையும் செய்தனர். கருவிகளைச் சுமந்தவர்கள், காட்டை வெட்டி வழி செய்தவர்கள், நாள்கணக்கில் தொலைதூர முகடுகளில் கொடியேந்திக் காத்திருந்தவர்கள் ஆகியோர் உள்ளூர் மக்கள் ஆவர். காய்ச்சலாலும் பிற நோய்களாலும் பலர் இறந்தனர். இவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் அளவை அறிக்கைகளில் இடம்பெறவில்லை.

இறுதி ஆண்டுகள்

1817 ஆம் ஆண்டு லாம்டன் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1818 ஆம் ஆண்டு இவ்வளவை சென்னை அரசிடமிருந்து தலைமை ஆளுநரின் கீழ் மாற்றப்பட்டு, இந்தியாவின் மாபெரும் முக்கோணவியல் அளவை எனப் பெயரிடப்பட்டது. ஜார்ஜ் எவரெசுட்டு இவரது முதன்மை உதவியாளராக அமர்த்தப்பட்டார். வயது எழுபதை நெருங்கியும் ஓய்வு பெறாத லாம்டன், ஐதராபாத்திலிருந்து நாகபுரி செல்லும் வழியில் இன்றைய மகாராட்டிர மாநிலத்தின் இங்கன்காட் என்ற ஊரில் 1823 ஜனவரி 20 அன்று காலமானார். அவரது கல்லறை அங்கு உள்ளது. அதுவரை அளக்கப்பட்ட பரப்பு 1,65,000 சதுர மைல்களுக்கும் மேலாகும். பெருவில்லை எவரெசுட்டு 1841 ஆம் ஆண்டுக்குள் இமயமலை அடிவாரம் வரை நீட்டினார். உலகின் மிக உயர்ந்த சிகரத்தின் உயரத்தை இராதாநாத் சிக்தார் கணக்கிட்டதும் இவ்வளவையின் தொடர்ச்சியே.

உள்ளரங்கத் தானியங்கிகளில் இம்முறை

லாம்டன் எதிர்கொண்ட சிக்கலை இன்று சிறிய தானியங்கிகள் கட்டடங்களுக்குள் எதிர்கொள்கின்றன. மிக மலிவான வழி சக்கரத்தின் சுழற்சிகளை எண்ணுவதாகும். ஆனால் சக்கரம் வழுக்கினாலும் திசை சற்று மாறினாலும் பிழை சேர்ந்துகொண்டே போகும். திசையில் ஒரு பாகை பிழை இருந்தால் 10 மீட்டர் சென்ற பின் தானியங்கி ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் விலகியிருக்கும். மைசூரில் வழிதவறிய படையின் நிலையும் இதுவே.

இதற்குத் தீர்வு இடம் தெரிந்த அடையாளங்களை நோக்குவதாகும். தாளில் அச்சிட்ட கட்டங்களைச் சுவரிலோ கூரையிலோ ஒட்டி, மலிவான ஒளிப்படக்கருவியால் அவற்றை அறியும் முறை பரவலாக உள்ளது. 2011 ஆம் ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எட்வின் ஓல்சன் வெளியிட்ட ஏப்ரல்டேக் இவ்வகையினது. இடம் தெரிந்த மூன்று அடையாளங்களுக்கு இடையேயான கோணங்கள் கிடைத்தால், பொதுவாகத் தானியங்கி தன் இடத்தைக் கணக்கிட்டுவிடலாம். புளூடூத் குறிப்பலைகளின் வலிமையைக் கொண்டு தொலைவை மதிப்பிடுவதும் உண்டு. சுவர்களிலும் இயந்திரங்களிலும் அலைகள் எதிரொலிப்பதால் இதில் சில மீட்டர் வரை பிழை நேரலாம்.

இராஜபாளையம் நூற்பாலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். ஒரு நூற்பாலையின் தளத்தில் இயந்திர வரிசைகள் ஒன்றுபோலவே தோற்றமளிக்கும். எந்த வரிசைக்கு நடுவே நிற்கிறது என்பதைச் சுற்றுப்புறத் தோற்றத்தைக் கொண்டு தானியங்கியால் எளிதில் பிரித்தறிய இயலாது. ஒவ்வொரு வரிசை முனையிலும் வெவ்வேறு எண் கொண்ட தாள் அடையாளம் ஒட்டப்பட்டால் இக்குழப்பம் நீங்கும். அடையாளங்கள் ஒட்டப்பட்ட இடங்களை முதலில் கவனமாக அளந்து வைக்க வேண்டும். அதில் நேரும் பிழை தானியங்கியின் எல்லாக் கணிப்புகளிலும் தோன்றும். லாம்டனின் அளவைக்கும் இத்தகைய சிக்கல் இருந்தது. அவர் தொடக்கப் புள்ளியாகக் கொண்ட சென்னை வானாய்வகத்தின் தீர்க்க அளவு, பிற்காலக் கணிப்பிலிருந்து சில கிலோமீட்டர் வேறுபட்டது. இதனால் முக்கோணங்கள் தமக்குள் சரியாகப் பொருந்தியிருந்தும் வரைபடம் முழுவதும் ஒருசேர இடம்பெயர்ந்து இருந்தது.

சக்கர எண்ணிக்கையையும் அடையாள நோக்கல்களையும் அவற்றின் நம்பகத்தன்மைக்கு ஏற்ப இணைக்க, 1960 ஆம் ஆண்டு ருடால்ப் கால்மன் வெளியிட்ட வடிகட்டி முறை பயன்படுகின்றது. முன்பு சென்ற இடத்துக்கே மீண்டும் வந்து சேர்ந்த பிழையைத் திருத்திக்கொள்வது, லாம்டனின் சரிபார்ப்பு அடிக்கோட்டை ஒத்ததாகும்.

மதிப்பீடு

லாம்டனின் அளவை கம்பெனி ஆட்சியின் தேவைக்காக நடைபெற்றது. வரி விதிப்புக்கும் படை நகர்வுக்கும் உதவிய வரைபடங்களுக்கு அது அடிப்படையாக அமைந்தது. பிற்காலத்தில் இருப்புப்பாதை, பாசனம், சாலை ஆகியவற்றைத் திட்டமிடவும் அதே சட்டகம் பயன்பட்டது. தமக்குப் பின் வந்த எவரெசுட்டின் பெயர் ஒரு சிகரத்துக்குச் சூட்டப்பட்டதைப் போல லாம்டனின் பெயர் பரவலாக அறியப்படவில்லை. தம் அளவீடுகளில் பிழை இருக்கும் எனக் கொண்டு, அப்பிழையைக் கண்டறியும் வழியையும் திட்டத்துக்குள்ளேயே அமைத்தது இவரது தனிச்சிறப்பு எனலாம்.